நைனாவின் வலது இமை

ஊசி மருந்து வரும் சின்னக் கண்ணாடிப் புட்டி அது. ரப்பர் மூடி, உள்ளே மூக்கைக் கரிக்கும் மருந்துத் தண்ணீர், அடியில் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெளிறிய ஒரு சதைத்துண்டு. என் நைனாவின் வலது மேலிமையிலிருந்து வெட்டி எடுத்தது. எழுபதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம், செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையின் தாழ்வாரத்தில் அதை என் கையில் கொடுத்தார்கள். எனக்கு வயது பதினைந்து. கடைசிப் பெண், எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நைனாவுக்கு அப்போது ஐம்பத்தைந்து இருக்கும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் கரைவலை போட்டவர். அவர் கையால் பார்த்த வேலையைவிடக் கண்ணால் பார்த்ததுதான் அதிகம். விடிந்ததும் மணல்மேட்டில் ஏறி, எதிர்வெயிலில் கடலையே பார்த்துக்கொண்டு நிற்பார். தண்ணீர் ஓரிடத்தில் கருத்து நெளிந்தால் அங்கே மீன் கூட்டம். தோள் துண்டை அவர் எந்தப் பக்கம் வீசுகிறாரோ அந்தப் பக்கம் படகு வலையை வளைக்கும். அந்தக் கண்ணில் கட்டி வந்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் சூடு என்றார்கள். அம்மா நாமக்கட்டி உரைத்துப் போட்டாள். கூட்டாளிகளுக்குக் கேலி.

“இன்னா அண்ணாத்த, கண்ணு நுங்காட்டம் வீங்கிக்கீது? எவளை எட்டிப் பாத்தே?”

“உன் பொண்டாட்டி வெச்ச கொழம்பத்தான்டா எட்டிப் பாத்தேன். அந்தக் காரம்.”

கட்டி அமுங்கியது. அதே இடத்தில் மறுபடி வந்தது. ஒரு வைத்தியர் கீறிவிட்டார். அதன் பிறகும் வந்தது. மூன்றாம் முறை, அந்த இடத்தில் மட்டும் இமை மயிர் உதிர்ந்து வழவழவென்று இருப்பதைக் கவனித்தேன். வலி இல்லை. வலிக்காததால் நோயில்லை என்று நம்பினோம்.

செங்கல்பட்டில் கட்டியை வெட்டிய டாக்டரம்மா என்னை மட்டும் ஓரமாக அழைத்தார். “படிக்கிற பொண்ணு, சொன்னா புரியும். இது வெறும் கட்டியாத் தெரியல. கேன்சரா இருக்கலாம். நாளைக்கே இதை மெட்ராஸ் லேபுல குடுத்துடணும்” என்று விலாசமும் எழுதித் தந்தார். திருக்கழுக்குன்றம் வழியாகத் திரும்பிய பேருந்தில் நைனா கண்ணில் கட்டுடன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு வார்த்தையை என்னால் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

வீட்டில் புது வலை இருந்தது. மறுநாள் காலை பூசை போட்டு முதன்முதலாகக் கடலில் இறக்க வேண்டும். புட்டியைப் பார்த்ததும் அம்மா இரண்டடி பின்னால் போனாள். “இன்னாடி இது? அறுத்த சதைய, புது வலை கீற வூட்டுக்குள்ள எடுத்தாந்துகீறே?” உயிரோடு இருப்பவரின் சதையை வைத்துக்கொண்டு வலை இறக்கினால் மீதி உடம்பையும் கடல் கேட்கும் என்பது எங்கள் குப்பத்து நம்பிக்கை.

“லேபுல குடுக்கணுமாம்” என்று மட்டும் சொன்னேன்.

“அதான் வெட்டியாச்சே” என்றார் நைனா. ஏன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. புட்டியை வாங்கிப் போய், சவுக்குத் தோப்போரம் மணலைப் பறித்துப் புதைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்தார். மறுநாள் புது வலையில் நல்ல மீன்.

ஐப்பசி மழையில் கட்டி மீண்டும் வந்து கண்ணுக்குள் இறங்கியது. காதுக்கு முன்னால் நெறி கட்டியது. அதன் பிறகுதான் மெட்ராஸ் போனோம். கண்ணை எடுத்தாலும் உயிருக்கு உறுதி சொல்ல முடியாது என்றார் அங்கிருந்த டாக்டர். வெயில் மட்டும் காரணமில்லை, இமையின் எண்ணெய்ச் சுரப்பியிலேயே இந்தக் கேன்சர் நம் ஜனங்களுக்கு வருவதுண்டு என்றார். வயதானவருக்கு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், மயிர் உதிர்ந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் கண்கட்டி என்று நினைத்து எல்லாரும் தாமதமாகத்தான் வருகிறார்கள் என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “மொதல்ல வெட்டினப்ப டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லலையா?”

நைனா முந்திக்கொண்டார். “யாரும் ஒண்ணும் சொல்லலீங்க. கொழந்த அது, அதுக்கு இன்னா தெரியும்?”

வெளியே வந்து, மரத்தடியில், அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “பஸ்ஸுல வாயத் தொறந்து தொறந்து மூடிக்கினு வந்தியே, எனக்குத் தெரியாதா? கேட்டா சொல்லிடுவியேன்னுதான் நான் கேக்கல. வுடு.”

கண்ணை எடுத்தார்கள். அடுத்த பங்குனியை அவர் பார்க்கவில்லை.

போன மாதம் என் மகனுக்கு இமையில் கட்டி வந்தது. பன்னிரண்டு வயதில் அந்த நோயெல்லாம் வராது, சாதாரணக் கட்டிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாலே நாளில் அமுங்கியும் போனது. எனக்கும் தெரியும். இருந்தும் தினமும் காலையில் அவனை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, முகவாயைத் தூக்கி, இமை மயிரை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

நேற்று அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “என்னம்மா தேடுற?”

“ஒண்ணுமில்லடா” என்றேன்.