பதினான்கு நிமிடத் தாமதம்

நண்பகல் பன்னிரண்டு மணி. ஒரகடம் சாலைப் பக்கம் ஏதோ ஒரு தொழிற்சாலையின் சங்கு ஊதி அடங்கியது. பள்ளி முற்றத்தின் சிமெண்டுத் தரையில் செங்குத்தாக நிறுத்தியிருந்த இரண்டடிக் குழாயைக் குனிந்து பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது நிழல். குழாயின் அடியிலிருந்து மேற்கே இரண்டு விரல் அகலத்துக்கு விழுந்திருந்தது. அந்த நேரத்தில் அங்கே நிழலே இருக்காது என்று அன்றைய காலை நாளிதழில் எழுதியிருந்தவன் நான்.

குழாயை நிறுத்தியவர் அந்தப் பள்ளிக் கோளரங்கத்தின் பொறுப்பாளர். கோளரங்கம் என்பது பழைய சாப்பாட்டுக் கூடத்துக்குள் வெள்ளையடித்த ஒரு குவிமாடம். நாற்பது பிள்ளைகள் தரையில் மல்லாந்து படுத்துப் பார்க்கலாம். அவர் அதற்கு முன் ஒரு கைபேசித் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவர். பிள்ளைகள் அவரைக் குவாலிட்டி மேடம் என்றார்கள். அவர்கள் செய்துவரும் அட்டைத் தொலைநோக்கிக்கும் காகிதச் சூரியக் கடிகாரத்துக்கும் பச்சை வில்லை ஒட்டுவார், அல்லது திருத்திச் செய்வதற்காக ‘ரீவொர்க்’ என்று எழுதிய தட்டில் வைப்பார். தப்பு என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. பகலில் நட்சத்திரமெல்லாம் எங்கே போகிறது என்று ஒரு சிறுமி கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை என் குறிப்பேட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். “எங்கயும் பூடல. உங்க அப்பா நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வூட்ல தூங்கறாரே, அதுக்காக அவரு இல்லன்னு ஆயிடுமா?”

அந்த ஆண்டு கூடத்தை நுழைவுத் தேர்வுப் பயிற்சி வகுப்புக்குக் கொடுத்துவிடலாம் என்று தலைமையாசிரியை யோசித்துக்கொண்டிருந்தார். குவாலிட்டி மேடம் ஒரே ஒரு வாய்ப்புக் கேட்டார். ஆண்டில் இரண்டு நாள் நண்பகலில் சூரியன் எங்கள் ஊருக்கு நேர் உச்சியில் வரும். நட்டு வைத்த எதற்கும் நிழல் இருக்காது. ஆகஸ்டில் வரும் அந்த நாளில் பெற்றோரை வரவழைத்துக் காட்டுகிறேன், அவர்களுக்கே பிடிக்கவில்லை என்றால் கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றாராம். பெற்றோருக்குத் தெரிய ஒரு செய்தி போடச் சொல்லி எனக்குத் தொலைபேசினார். நேரம் பன்னிரண்டு பதினான்கு என்று இரண்டு முறை சொன்னார். காரணமும் சொன்னார்: நாட்டுக்கெல்லாம் ஒரே கடிகாரம், அது காக்கிநாடாப் பக்கத்துச் சூரியனுக்கு வைத்தது, அங்கே உச்சிக்கு வந்த சூரியன் இங்கே உச்சிக்கு வரப் பத்து நிமிடம், பூமியின் ஓட்டம் எல்லா மாதமும் சீராக இல்லாததால் ஆகஸ்டில் இன்னும் நான்கு. நான் காரணத்தை வெட்டினேன். காரணம் போனதும் பதினான்கு மட்டும் அநாதையாக நின்றது. அதையும் வெட்டினேன். நான்கு வரிச் செய்தியில் ‘நண்பகல் 12 மணி’ என்பது பார்க்க நன்றாக இருந்தது.

அதைப் படித்துவிட்டு அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் சீருடையில், கழுத்தில் அடையாள அட்டையோடு. பன்னிரண்டரைக்கு பி ஷிப்ட் பேருந்து. சங்கு அடங்கியதும் எல்லோரும் குழாயைப் பார்த்தார்கள்.

“இன்னா மேடம், நிழல் இல்லன்னு பேப்பர்ல போட்டுகீறான். இங்க குத்துக்கல்லாட்டம் கீதே” என்றார் நீலச் சட்டைக்காரர் ஒருவர்.

“பேப்பர்காரன் நிழல்ல ஒக்காந்து எழுதிகீறான், வுடு” என்றார் பக்கத்தில் இருந்தவர். சிரிப்பு எழுந்தது. இரண்டு பேர் வண்டிச் சாவியை எடுத்தார்கள். குடை பிடித்து நின்ற தலைமையாசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் குறிப்பேட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் செருகினேன்.

குவாலிட்டி மேடம் என்னை ஒருமுறை பார்த்தார். கையை நீட்டிக் காட்டியிருந்தால் போதும், பழி சேரவேண்டிய இடத்தில் சேர்ந்திருக்கும். அவர் நீலச் சட்டைக்காரரிடம் ஒரு சாக்பீஸை நீட்டினார்.

“சங்கு கரெக்ட்டாத்தான் ஊதிச்சி. சூரியன்தான் நம்ம ஊருக்குப் பதினாலு நிமிஷம் லேட்டா பஞ்ச் போடும்.”

“அதுக்கு யாரு மேடம் மெமோ குடுக்கறது?”

“நீங்கதான். ரெண்டு நிமிஷத்துக்கு ஒருவாட்டி நிழல் முடியற எடத்துல கோடு போடுங்க.”

நீலச் சட்டைக்காரர் அரை மனதாகத்தான் குந்தினார். முதல் கோடு. இரண்டாவது அதற்கு உள்ளே விழுந்தது. மூன்றாவதற்கு முழங்காலை ஊன்றிக்கொண்டார். சாவியை எடுத்தவர்கள் கைபேசியைப் பார்த்து நிமிடம் சொல்லத் தொடங்கினார்கள். கோட்டுக்குக் கோடு நிழல் குழாயை நோக்கி ஏறியது. ஏழு கோடுகள். பன்னிரண்டு பதினான்குக்கு எட்டாவது கோடு போட இடமில்லை. அவர் குழாயின் அடியைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து, சாக்பீஸைத் திருப்பிக் கொடுத்து, “ஓகே பீஸ், மேடம்” என்றார்.

குவிமாடத்துக்குள் எப்போது காட்டுவீர்கள் என்று ஒரு பெண் கேட்டார். அவருக்கு ஞாயிறுதான் விடுமுறை. ஞாயிறு திறக்கலாம் என்று பதில் சொன்னது தலைமையாசிரியை. பயிற்சி வகுப்பைப் பற்றி அதன் பிறகு பேச்சில்லை.

நான்காவது பக்கத்தில் திருத்தம் வெளியிட்டுவிடுகிறேன் என்று அன்று மாலை குவாலிட்டி மேடத்திடம் சொன்னேன். அவர் கோடுகளுக்கிடையே அளவுகோல் வைத்து இரண்டாம் முறை அளந்துகொண்டிருந்தார். “வேணாம் சார். பதினாலுக்கு வந்திருந்தா இல்லாத நிழலப் பாத்துட்டுப் பூட்டிருப்பாங்க. பன்னண்டுக்கு வந்ததால அது போறதப் பாத்தாங்க. அடுத்த வருசமும் பன்னண்டுன்னே போடுங்க.” என் பிழையையும் அவர் ரீவொர்க் தட்டில்தான் வைத்திருந்தார் என்பது வண்டியில் திரும்பும்போது புரிந்தது. பத்திரிகையில் எத்தனையோ பேர் என் பிழைகளைப் பிடித்திருக்கிறார்கள். பிடித்ததை இப்படி உபயோகப்படுத்தியவர் அவர் ஒருவர்தான். இப்போதும் ஒரு எண்ணை வெட்டுவதற்கு முன் அதன் காரணத்தை ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.

அவர் இப்போது ஓசூரில் ஒரு பள்ளியில் இருக்கிறார். அங்கே சூரியன் இன்னும் எட்டு, ஒன்பது நிமிடம் தாமதம். இந்த ஆகஸ்டில் நான் பழைய பள்ளிக்குப் போயிருந்தேன். குவிமாடத்துக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். புதிய பொறுப்பாளர் ஓர் இளைஞர். என்னை அவருக்குத் தெரியாது. முற்றத்தில் குழாய், சுற்றிலும் பெற்றோர். சங்கு ஊதியது. மேற்கே இரண்டு விரல் நிழல். வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையில் நேரம் நண்பகல் 12 மணி என்று எழுதியிருந்தது.