அண்ணாச்சியின் போனில் மூன்று சுவிட்சு

செல்போன் சர்வீஸ் தொழிலில் போனைச் சரிசெய்வது சுலபம். அதைக் கொண்டுவருகிற ஆளைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள்தான் நாக்குத் தள்ளிவிடும். சிவகாசியில் கடை போட்டிருக்கும் என்னைப்போலப் பாடுபடும் சகாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மகன் அனுப்பியது

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேனாக இருக்கிறார் செல்லத்துரை அண்ணாச்சி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன் அனுப்பிய போனை ஒருநாள் என் முன்னால் வைத்தார். நான் அதுவரை பார்த்திராத ரகம். விலாவில் குட்டிக் குட்டியாக மூன்று சுவிட்சு. ஒன்று கேமராவை அணைக்கும், நடுவில் இருப்பது மைக்கை, மூன்றாவது சிக்னலை. நெட்டில் தேடிப் படித்துவிட்டு, இனி எந்தக் கம்பெனிக்காரனும் உங்கள் பேச்சை ஒட்டுக்கேட்க முடியாது என்று ஏதோ நானே செய்த போன் மாதிரி பெருமையடித்தேன். அண்ணாச்சி அசரவில்லை.

"நானும் எம் பொண்டாட்டியும் பேசுறத ஒட்டுக்கேட்டா, கேக்குறவன் கொட்டாவி விட்டே செத்துருவான் தம்பி."

வாசல் பழக்கம்

ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாட்ச்மேன் அறையில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். சுவிட்சு என்று ஒன்று கண்ணில் பட்டால் அணைத்துவிட்டு உள்ளே போவது அண்ணாச்சியின் கைப்பழக்கம். மூன்றையும் அணைத்து வைப்பார். வெளியே வந்ததும் சிக்னலை மட்டும் போடுவார், மற்றது மறந்துபோகும். போன் ஊமையாகிவிட்டது என்று என்னிடம் வந்தார். நடுச் சுவிட்சைத் தள்ளிக்கொடுத்து, கொஞ்சம் கடிந்தும் கொண்டேன்.

"வெடிமருந்துக்குள்ள வேலை பாக்கறவன் அமத்த மறந்தாத்தான் தம்பி தப்பு, போட மறந்தா ஒண்ணும் ஆகாது."

அந்தச் சத்தம்

ஒருநாள் மதியம் எங்கோ ஆலை வெடித்த சத்தத்தில் கடைக் கண்ணாடி அதிர்ந்தது. எங்கள் ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் யாரும் என்னவென்று விசாரிப்பதில்லை, முதலில் வீட்டு ஆளுக்குப் போன் போடுவார்கள். அண்ணாச்சியின் மனைவி மெர்சி அக்கா எதிர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். யூனிபார்மோடு ரோட்டைத் தாண்டி ஓடிவந்தார்.

"எடுத்துட்டாக தம்பி, பேச மாட்டேங்காக!" என்றவர், உடனே போனுக்குள், "ஏங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க. காலையில நான் அப்படிப் பேசிருக்கக் கூடாது. நீங்க இல்லாம நான் என்ன செய்வேன்? ஏசப்பா!" என்று அழுதார்.

எடுத்தது அண்ணாச்சிதானா, இல்லை கீழே கிடந்த போனை வேறு யாராவது எடுத்தார்களா? பிறகுதான் சுவிட்சு ஞாபகம் வந்தது. ஆலையை விட்டு வெளியே வந்தவர் வழக்கம்போலச் சிக்னலை மட்டும் போட்டிருப்பார். அக்காவின் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு, "அண்ணாச்சி, நடுச் சுவிட்ச மேல தள்ளுங்க!" என்று கத்தினேன். அப்புறம் இரைச்சலோடு அவர் குரல் வந்தது. வெடித்தது வேறொரு ஆலையின் ஷெட்டாம். ஆட்கள் சாப்பாட்டுக்கு வெளியே வந்திருந்ததால் ஒருவருக்கும் காயமில்லை. அக்கா அப்படியே என் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு தொண்டை கிழியக் கத்துனேன் மெர்சி, உனக்குத்தான் கேக்கல, நீ சொன்னது அம்புட்டும் எனக்குக் கேட்டுச்சு."

பசை

மறுநாள் இருவரும் சேர்ந்து வந்தார்கள். நடுச் சுவிட்சை மேலே தள்ளி, இனி அசையாதபடி பசை வைத்து ஒட்டச் சொன்னார் அக்கா. மகன் கோபிப்பானே என்றேன். அவன் இங்கே வந்து அந்தச் சத்தத்தை ஒருதரம் கேட்டுவிட்டுக் கோபிக்கட்டும் என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டார். நான் பசையை எடுத்தபோது அண்ணாச்சி அந்தச் சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாமென்றால் விட்டுவிடவா என்று கேட்டேன். மனுசருக்குக் கண் கலங்கியிருந்தது.

"ஒட்டிருங்க தம்பி, கல்யாணம் முடிச்ச நாள்லருந்து அவ வாயால கேக்கணும்னு நெனச்சத நேத்தே கேட்டுட்டேன்."

என் சர்வீஸில் நான் கற்றது இவ்வளவுதான்: வீட்டம்மா மனசுவிட்டுப் பேச வேண்டுமானால் எதிர்முனையில் இருக்கும் புருசனின் மைக் கொஞ்ச நேரமாவது அணைந்திருக்க வேண்டும், என் வீட்டில் என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.