பிரேக்கில் புகுந்த காற்று

மதினியை நினைத்தால் எனக்கு முதலில் அவர் முகம் வருவதில்லை. பழைய டீசல் கெப் வண்டியின் அடியிலிருந்து நீண்டிருக்கும் இரண்டு கால்கள்தான் வரும். அண்ணனின் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, உரச்சாக்கை விரித்து அதன்மேல் மல்லாந்து படுத்திருப்பார். உள்ளேயிருந்து ஸ்பேனர் இரும்பில் உரசும் சத்தம் கேட்கும். நடுநடுவே வண்டியைத் திட்டுவதும் கேட்கும்.

மதினி என் அண்ணனின் மனைவி. கொஸ்லந்தவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லய வீடுகள் முடிகிற இடத்தில் அவர்கள் வீடு. அண்ணன் அந்தக் கெப்பில் பண்டாரவளைக்கு மரக்கறி ஏற்றிப் போய்வருவார். வண்டியை எந்தக் கராஜிலும் விடமாட்டார். ஒயில் மாற்றுவது, டீசல் பில்டர் மாற்றுவது, பனிக்காலத்தில் அடம்பிடிக்கும் என்ஜினுக்கு ஹீட்டர் பிளக் மாற்றுவது எல்லாம் வீட்டு முற்றத்திலேயே நடக்கும். மதினி பக்கத்தில் டோர்ச் பிடித்துக்கொண்டு நிற்பார், அண்ணன் அடியிலிருந்து சொல்லச் சொல்லப் பிரேக்கை மிதித்து விடுவார். மதினிக்கு வண்டி ஓட்டப் பழக்கி லைசன் எடுக்க வைத்ததும் அண்ணன்தான். அப்போது லயத்தில் சிரித்தவர்கள் உண்டு.

பிறகு அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்தது, பேச்சும் போய்விட்டது. பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது நாம் சொல்வது அவருக்குப் புரிந்தது. பதில் சொல்லத்தான் வாய் வரவில்லை. வாயைத் திறப்பார், காற்று மட்டும் வரும், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். கொஞ்ச நாளில் திறப்பதையே விட்டுவிட்டார். நான் பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். இருவரும் என்னோடு வந்து இருக்கட்டும், வண்டியை விற்றுவிடலாம் என்று சொன்னேன். வீட்டை விட்டு வரமாட்டேன் என்றார் மதினி, வண்டியை விற்கவும் சம்மதிக்கவில்லை. "மழ பேஞ்சா இவர முதுகுல தூக்கிக்கிட்டா எறங்குறது?" என்றார். மண்சரிவில் மீரியபெத்த தோட்டம் மண்ணுக்குள் போனபிறகு எங்கள் பக்கத்தில் யாரும் மழையை வெறும் மழையாகப் பார்ப்பதில்லை. வண்டி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு முறுக்கு விழுந்துவிட்டது. சனிக்கிழமைகளில் போவேன், சமைப்போம், அண்ணனைக் குளிப்பாட்டுவோம், தேவைக்கு மேல் பேசமாட்டோம்.

பயணம் இருக்கிறதோ இல்லையோ, காலையில் மதினி என்ஜினைப் போட்டு விடுவார். டீசல் எதற்கு வீணாகிறது என்று கேட்கத் தோன்றும். ஒருநாள்தான் கவனித்தேன். என்ஜின் உறுமியதும் உள்ளே அண்ணனின் தலை வாசல் பக்கம் திரும்பியது. நாள் முழுக்க அவர் தானாகத் திரும்பியது அந்த ஒருமுறைதான்.

அண்ணனை ஆஸ்பத்திரியில் காட்டும் அடுத்த கிளினிக்குக்குச் சில நாட்கள் இருக்கும்போது பிரேக் விழுந்தது. கடைக்குப் போய்த் திரும்பும் வழியில் மிதித்த பிரேக் பஞ்சுபோல அமுங்கித் தரைவரை போய்விட்டது. நல்லவேளை, அது ஏற்றம். மதினி முதல் கியரிலேயே வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, டயருக்குக் கல் வைத்துவிட்டு, சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். பின்பக்க இடது சக்கரத்துக்குள் பிரேக் ஒயில் கசிந்து நனைந்திருந்தது. பிரேக் இல்லாத வண்டியை அந்த இறக்கத்தில் கராஜுக்குக் கொண்டுபோக முடியாது. வருகிறேன் என்ற மெக்கானிக் வரவில்லை. மதினி போனில் சொன்ன பிரேக் ரப்பரை நான் பண்டாரவளையில் வாங்கினேன். கடைக்காரரான முஸ்லிம் நானா அதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "ரப்பர மாத்தினா மட்டும் சரிவராது தங்கச்சி. பிரேக் குழாய்க்குள்ள போன காத்த எடுக்கோணும். ஒத்த ஆளால ஏலாது. ரெண்டு பேர் வேணும்," என்றார்.

ரப்பரை மதினி தானே மாற்றிவிட்டார். காற்றெடுக்க ரெண்டாவது ஆள் நான்தான். வேறு யார் இருக்கிறார்கள்?

வேலை கேட்க எளிதுதான். நான் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். மதினி சக்கரத்தடியில் ஒரு சின்னத் திருகைத் தளர்த்துவார். காற்றும் ஒயிலும் குழாய் வழியே போத்தலுக்குள் குமிழிவிட்டு இறங்கும். அவர் திருகை இறுக்கியபிறகே நான் காலை எடுக்கவேண்டும். முந்தினால் வெளிக்காற்றை அது திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அன்று மலைக்காற்று தகரக் கூரையைத் தூக்கிவிடும்போல அடித்தது. மதினி அடியிலிருந்து கத்துவது எனக்குக் கேட்கவில்லை. குத்துமதிப்பாகக் காலை எடுத்தேன். குமிழி திரும்பவும் வந்தது. மறுபடி மிதித்தேன், மறுபடி முந்தினேன். "சொல்றதுக்கு முந்தி ஏன் புள்ள வுடுற?" என்று மதினி வெளியே வந்து சத்தம் போட்டார். "நீங்க சொல்றது கேட்டாத்தானே!" என்று நானும் கத்தினேன். அத்தனை மாதமாகப் பேசாததெல்லாம் அந்த ஒரு வரியில் ஏறிக்கொண்டது. மதினி திரும்பவும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். வண்டியின் கதவு திறந்திருந்தது. என் காலும் மதினியின் கையும் ஒன்றாகத் தெரிகிற இடம் அது ஒன்றுதான். நான் மிதித்துப் பிடித்தேன். கால் கடுக்கத் தொடங்கியது. எடுக்கலாமா என்று நினைத்தபோது அண்ணனின் இடது கை உயர்ந்தது. பொறு என்பதுபோல உள்ளங்கையைக் காட்டியது. பொறுத்தேன். மதினியின் கை திருகை இறுக்கி நின்றது. அப்போது அண்ணனின் வாய் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது.

"வுடு."

காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. கரகரப்பாக, பாதி மூச்சாக வந்தது. காலை எடுத்தேன். வண்டிக்கடியில் ஸ்பேனர் சத்தம் நின்றுபோயிற்று. மதினி வெளியே வரவில்லை. அடியிலிருந்தே அவர் குரல் வந்தது.

"என்னங்க, சரியா கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க."

கேட்டிருந்தது. எனக்குக் கேட்டதென்றால் அவருக்கும் கேட்டிருக்கும். அண்ணன் மூச்சை இழுத்து, "வுடு," என்றார். அடுத்த முறை, "அமுக்கு," என்பதும் வந்தது. எத்தனையோ வருடம் இதே முற்றத்தில் மதினியைப் பார்த்து அவர் சொன்ன சொற்கள். பலமுறை சொல்லிப் பழகிய சொல் சிலருக்கு முதலில் திரும்பும் என்று கிளினிக்கில் பிறகு சொன்னார்கள். அன்று எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. குமிழி அடங்கி ஒயில் தெளிவாக இறங்கியபிறகும் மதினி நிறுத்தவில்லை. பழுதில்லாத சக்கரத்துக்குப் போனார், அங்கிருந்து அடுத்ததற்கு. போத்தலில் ஒரு குமிழிகூட இல்லை. நானும் மிதித்துக்கொண்டே இருந்தேன். அண்ணன் சொல்லச் சொல்ல விட்டேன். நாலு சக்கரமும் முடிந்து மதினி எழுந்து வந்தபோது முகமெல்லாம் கறுப்பு ஒயில். கண்ணுக்குக் கீழே மட்டும் அது கரைந்து இறங்கியிருந்தது. என் தோளில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

அண்ணனுக்கு இப்போது சின்னச் சின்ன வாக்கியங்கள் வருகின்றன. சில சொற்களுக்கு இன்னும் தடுமாறுவார், கோபப்படுவார். கிளினிக்குக்கு மதினிதான் கெப்பில் கூட்டிப்போகிறார். போன கிழமை எனக்குப் போன் வந்தது.

"சனிக்கெழம வா புள்ள. பிரேக்குல காத்து எடுக்கணும்."

"ஏன் மதினி, பிரேக் திரும்ப விழுந்துருச்சா?"

"இல்ல, பிரேக் நல்லாத்தான் இருக்கு," என்றார் மதினி. "நீ வா."