ஒரு நேரம் ஒரு முறம்

கமலாக்ஷி முதலில் செய்வது மூடுவதுதான். சாமான் குவிந்து கிடக்கும் அறைக்குள் நுழைந்ததும் பழைய வேட்டி, படுக்கை விரிப்பு என்று கையில் அகப்பட்டதை எடுத்துக் குவியலின் மேல் போர்த்திவிடுவாள். பிறகு ஓர் ஓரத்தை மட்டும் தூக்கி, ஒரு முறம் நிறைய அள்ளிக்கொண்டு தரையில் உட்காருவாள். "முழுசும் பார்த்தா தலை சுத்தும். முறத்தை மட்டும் நோக்குங்க" என்பாள்.

மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கில் பதினெட்டு வருடம் தரம் பிரித்தவள். கூரை முட்டக் கொட்டிக் கிடந்தாலும், மடியில் உள்ள முறத்தைத் தாண்டி அங்கே யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லையாம். கிடங்கு மூடியதும் அதே வித்தையோடு வீடுகளுக்குள் நுழைந்துவிட்டாள். வயது ஐம்பத்திரண்டு. பூர்வீகம் தேனிப் பக்கம், பிறந்தது மட்டாஞ்சேரியை அடுத்த சுள்ளிக்கல். தலையில் இன்னமும் கிடங்குத் துண்டு. பேச்சு கம்மி, பால் விடாத கட்டன் சாயா ஜாஸ்தி.

அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்தப் பொருளையும் தன் கையால் கழிக்கமாட்டாள். எடுத்து நீட்டி, "கடைசியா எப்போ தொட்டீங்க?" என்று கேட்பாள். உடைமைக்காரர் வாயைத் திறக்கும்வரை நீட்டிய கை நீட்டியபடியே இருக்கும். முறம் காலியானால் "மதி, இன்னிக்குப் போதும்" என்று எழுந்துவிடுவாள். என் புத்தக அலமாரிக்கு அவளை அழைத்தபோது, கெஞ்சியும் அன்று இரண்டாவது முறம் அள்ளவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் மறுநாள் காலையிலேயே குளித்துவிட்டு அவளுக்காகக் காத்திருந்தேன்.

போன மாதம் என் வீட்டுக்குக் கீழ்வீட்டில் அவளுக்கு வேலை. வீட்டுக்காரர் சிவசங்கரன் துறைமுக அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். அலுவலகம் இருந்த வெலிங்டன் தீவிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியைக்கூட விட்டு வந்தவரில்லை. அவர் சேர்த்துக் கட்டிப்போட்ட செய்தித்தாள் மூட்டை தடுக்கித்தான் மனைவி சுபாஷிணிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அந்த அம்மாள் வாக்கர் பிடித்துத் திரும்பப் பன்னிரண்டு நாள் இருந்தது. கூடத்தில் ஒரு முழம் அகலத்துக்கு வழியில்லை.

அவசரத்தை முன்னிட்டு, மணிக்கு ஒரு முறம் என்று கமலாக்ஷி இறங்கிவந்தாள். செய்தித்தாள் முதல் நாளே போயிற்று. அதற்கு மட்டும் அவர் வாதாடவில்லை. மற்றபடி ஒவ்வோர் உடைந்த ஸ்விட்ச்சுக்கும் ஒரு வரலாறு சொன்னார். பழைய சாமான் எடுக்கும் ஆக்ரிக்காரர் வாசலில் நின்றே அலுத்துப்போனார்.

சுபாஷிணி வருவதற்கு முந்தின நாள் நான் போனபோது கூடம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. குளியலறைக்குப் போகும் வழியில், பிரம்பு பிய்ந்து, யாரும் உட்கார முடியாத ஒரு சாய்வு நாற்காலி மட்டும் மிச்சம்.

"அதைத் தொடப்படாது. எங்கப்பா உட்கார்ந்தது" என்றார் சிவசங்கரன். "அவ சுத்திண்டு போயிக்கட்டும்."

கமலாக்ஷி வாடகை வாக்கரைக் கொண்டுவந்து படுக்கையறை வாசலில் நிறுத்தினாள்.

"கரண்டு போயாச்சுன்னு வச்சுக்கோங்க, சாரே."

கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். வாக்கர் நாற்காலிக் காலில் இடித்து நின்றது. திரும்பிப் போய் முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை வாக்கர் சரிந்து அவள் முழங்கால் தரையில் மோதியது. கேட்ட எனக்கே வலித்தது. சிவசங்கரனின் முகம் வெளுத்துவிட்டது.

மூன்றாம் முறையாக அவள் போய் வாசலில் நின்றபோது அவர் எழுந்தார். உதவப்போன என்னைக் கையால் தடுத்தார். நாற்காலியைத் தனியாக இழுத்துக்கொண்டு கூடத்தைக் கடந்து, படி இறங்கி, ஆக்ரிக்காரரின் வண்டியில் அவர் ஏற்றி முடிக்கும்வரை கமலாக்ஷி கண்ணைத் திறக்கவில்லை.