கருமாதியில் கட்டிய தாலி

அண்ணன் சண்டையில் செத்த சேதி வந்தபோது வீட்டில் இருந்தது அம்மா, நான், அண்ணி, அவள் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. அண்ணி சயாம் தேசத்துக்காரி. அண்ணன் பர்மா எல்லையில் பட்டாளத்தில் இருந்தபோது கட்டிக்கொண்டு வந்தவள். அவள் ஊரில் தாலி கிடையாது. பெரியவர்கள் இருவர் மணிக்கட்டிலும் வெள்ளை நூல் கட்டி வாழ்த்தினால் கல்யாணம் முடிந்தது. வந்த கொஞ்ச நாளிலேயே எங்களைவிட நன்றாகக் களி கிண்டினாள். அம்மாவுக்கு அதில் சற்று வருத்தம்தான்.

கருமாதியன்று சிக்கல் வந்தது. அறுப்பதற்குத் தாலி இல்லை.

“கட்டாத தாலிய எப்டிடி அறுக்கறது?” என்றாள் பெரியம்மா. “அறுக்கலைன்னா செத்தவன் ஆவி வாசல்லயே நிக்கும்.”

“கட்டிட்டு அறுங்க. இன்னா இப்போ?” என்றாள் அம்மா.

பாலாற்று மணலில் அண்ணியை உட்கார வைத்து, மஞ்சள் துண்டு கோத்த கயிற்றைக் கழுத்தில் கட்டினோம். நாத்தனாருக்கு உரியது மூன்றாவது முடிச்சு. நான் மூன்றையும் போட்டேன். முடிச்சுப் போட்டதற்கு உண்டான நாத்தனார் சேலை எனக்கு இன்னும் வந்து சேரவில்லை. இப்போதுதான் தன்னைக் குடும்பத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று நினைத்து அண்ணி சிரித்தாள். பெரியம்மா அந்தக் கயிற்றை அறுத்தாள்.

பட்டாளத்தில் செத்தவன் பெண்சாதிக்குச் சர்க்கார் மாதாமாதம் உபகாரச் சம்பளம் கொடுக்கும். அண்ணியும் குழந்தையும் சாப்பிட வேறு வழி இல்லை. அவள் பெண்சாதிதானா என்று விசாரிக்கத் தாசில்தார் எங்களைத் தாலுகா கச்சேரிக்கு அழைத்தார்.

“வேற தேசத்துக்காரி. தாலி கட்னத யாரு பார்த்தா?”

மருமகளுக்கு ஒரு சொல் வந்துவிடக் கூடாதென்று அம்மா நிமிர்ந்து நின்றாள். “ஊரே பார்த்துச்சி சாமி. மஞ்சக் கயிறு, மூணு முடிச்சி.”

“எப்போ?”

“கருமாதியன்னிக்கி.”

குமாஸ்தா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். தாசில்தார் சிரிக்கவில்லை. “செத்தவனுக்கா கல்யாணம் பண்ணீங்க?”

“முன்னமே அவங்க ஊர்ல ஆய்டுச்சி சாமி. கையில நூல் கட்டி…”

“அது கல்யாணம்னா, இங்க எதுக்கு மறுபடி கட்னீங்க?”

அம்மா என்னைப் பார்த்தாள். முடிச்சுப் போட்ட கையை நான் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

செத்தவனுக்குப் பெண்சாதி இல்லை என்று தீர்ப்பானது. குழந்தையும் கணக்கில் இல்லை. பணம் தாய்க்கு, அவள் உயிரோடு இருக்கும் வரை.

அதன் பிறகு அம்மாவைச் சாக விடாமல் பார்த்துக்கொள்வதே எங்கள் பிழைப்பானது. அவள் ஒரு தும்மல் போட்டால் அண்ணி மிளகுக் கஷாயத்தோடு ஓடி வருவாள். முட்டை அம்மாவுக்கு, குழந்தைக்குக் கஞ்சி.

“என்னா கவனிப்புடி! பலிகெடா மாரி இருக்குது எனக்கு” என்பாள் அம்மா.

“பலி குட்தா பணம் நின்னுபூடும். பேசாம தின்னு” என்பேன்.

நாலாவது மழைக்காலத்தில் பேதி வந்தது. முட்டையும் கஷாயமும் அதனிடம் பலிக்கவில்லை. அம்மா போன அன்று மகள் நான் அழுததைவிட அண்ணி பலமாக அழுதாள். வந்த பெண்கள், “மருமவன்னா இவதான்” என்று மெச்சினார்கள். எதற்காக அழுகிறாள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

மறுவாரம் நான் கூலிக்குப் போகும் தோல் மண்டியில், சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த தோலில் மயிர் சுரண்ட, அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சாயங்காலத்துக்குள் விரல் நுனியெல்லாம் வெந்துவிட்டது. வீட்டில் குழந்தைக்குச் சோறு பிசைய முடியவில்லை. நான் பிசைந்து ஊட்டினேன்.