தாதியியல் எண்டு சொல்லும்

புனிதவதி எழும்பவில்லை. முன்வரிசையில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

சுவிஸில், வின்டர்தூர் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுவிழா. அமெரிக்கக் கல்லூரிகளில் பேர் எடுத்த நம் பிள்ளைகளைக் கௌரவிப்பதென்று அந்த வருடம் முடிவு. பிள்ளைகள் அங்கே இருப்பதால் பொன்னாடை அவர்களுடைய தாய் தகப்பனுக்கு. புனிதவதியின் மகள் பவதாரணி மினசோட்டாவில் ஒரு சிறிய கல்லூரியில் படித்து, அங்கேயே பேராசிரியரானவள். கல்லூரியின் பெருமைக்குரிய பழைய மாணவர்களின் படங்களோடு அவள் படத்தையும் போன மாதம் மாட்டியிருந்தார்கள்.

அவள் படிப்பிப்பது தாதியியல். சிக்கல் அதில்தான்.

முந்தின கிழமையே சங்கத் தலைவர் குலேந்திரன் போன் எடுத்திருந்தார்.

"அக்கா, டொக்டர் பவதாரணி எண்டு சொல்லிவிடுறன். பொய்யில்லைத்தானே, பிஎச்டி இருக்கு."

"என்ன டொக்டர் எண்டும் சேத்துச் சொல்லும்."

"நேர்ஸிங் எண்டால் சனம் ஒரு மாதிரிப் பாக்கும். உங்களுக்காகத்தான் சொல்லுறன்."

"தாதியியல் எண்டு சொல்லும் தம்பி. இல்லாட்டி நான் மேடைக்கு வரமாட்டன்."

சனம் எப்படிப் பார்க்கும் என்று அவளுக்குத் தெரியும். அகதியாக வந்து உணவகத்தில் கோப்பை கழுவியபோது ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கணவர் இறந்தபின் செஞ்சிலுவைச் சங்கத்தில் பராமரிப்புப் பயிற்சி எடுத்து முதியோர் இல்லத்தில் சேர்ந்தபோதுதான், "வெள்ளைக்காரக் கிழவியளைக் கழுவப் போறாள்" என்று கோயில் வாசலில் கதை வந்தது. மகளும் அதே வழியில் போனதும், "தாயைப் போலத்தான் பிள்ளையும்" என்றார்கள். புனிதவதி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

இப்போது குலேந்திரன் ஒலிவாங்கியில் முழங்கினார்: "அமெரிக்காவில் மருத்துவப் பேராசிரியராகத் திகழும் டொக்டர் பவதாரணியின் தாயாரை அழைக்கிறோம்."

கைதட்டல் எழுந்து அடங்கியது. மறுபடி அழைத்தார். பக்கத்திலிருந்த சிநேகிதி சிவகலா முழங்கையால் இடித்தாள்.

"எழும்புங்கோ அக்கா. எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும். அவர் வேற ஆரையோ கூப்பிடுறார்."

குலேந்திரன் பொன்னாடையும் கையுமாகப் படியிறங்கி வந்து குனிந்தார். "என்னை வெக்கப்படுத்தாதேங்கோ அக்கா."

அவருடைய தாய் பரமேஸ்வரி, புனிதவதி வேலை செய்யும் இல்லத்தில்தான் இருந்தார். சனத்துக்கு அது தெரியாது. அம்மா பிரான்சில் தங்கச்சியோடு இருக்கிறா என்று சொல்லி வைத்திருந்தார். அன்று காலையிலும் பரமேஸ்வரியைக் குளிப்பாட்டி, தலை இழுத்துப் பின்னிவிட்டுத்தான் புனிதவதி விழாவுக்கு வந்திருந்தாள். அதைச் சொல்ல ஒரு வசனம் போதும். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

குலேந்திரன் கண்ணைத் தாழ்த்தினார். மேடைக்குத் திரும்பிப் போய், "ஒரு திருத்தம். பவதாரணி தாதியியல் பேராசிரியர்" என்றார்.

முன்வரிசைகளில் சலசலப்பு. பின்னால், வேலை முடித்து நேரே வந்திருந்த பெண்கள் சிலர் பலமாகக் கைதட்டினார்கள்.

புனிதவதி மேடையேறினாள். பொன்னாடையைப் போர்த்தும்போது குலேந்திரன் தாழ்ந்த குரலில், "சொல்லிப்போடுவியளோ எண்டு பயந்திட்டன்" என்றார்.

"அங்க பாக்கிறதை நாங்கள் வெளியில கதைக்கிறேல்லை. என்ர மகள் முதல் வகுப்பிலயே இதைத்தான் படிப்பிக்கிறவள்."

பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு சபையைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு வந்து அம்மாவைப் பாரும். காலமை நான் நிப்பன்."