மைக்கில் சொன்ன பொய்

காக்கா மௌத்தாகிப்போன சேதியை எனக்குச் சொன்னவர் எங்கள் ஊர் பஸ்ஸின் கண்டக்டர். அப்போது நான் ராமநாதபுரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தேன். கடை வாசலில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி வந்து, "ஒங்க கோல்கீப்பரு போயிட்டாருண்ணே" என்றார். நடுரோட்டில் ஏன் நிறுத்தினாய் என்று பஸ்ஸுக்குள் ஒருவரும் சத்தம் போடவில்லை. கடையைச் சாத்தும்படி பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு அதே பஸ்ஸில் ஏறினேன். அழுகை வரவில்லை. வேறொரு மனிதனின் முகம்தான் கண்ணுக்குள் வந்து நின்றது. அந்த ஆள் இன்னும் நல்லபடியாக இருக்கிறானே என்று வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

கீழக்கரையிலிருந்து வாலிநோக்கம் போகும் வழியில், கடலை ஒட்டிய ஊர் எங்களுடையது. எங்கள் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்போம். அவரை மட்டும் ஊரே காக்கா என்றது. மீன்காரர்கள், உப்பளத்து ஆட்கள், கோயில் தெருக்காரர்கள் எல்லோருக்கும் அவர் காக்காதான். எழுபதுகளின் கடைசியில் எங்கள் கால்பந்து கிளப்புக்கு அவர் கோல்கீப்பர். அவருக்கு முன்னால் நான் ஸ்டாப்பர் பேக்.

சவுக்குக் கம்புகளை நட்டு, பழைய மீன்வலையைக் கட்டிய கோல் அது. கடல் காற்றில் பந்து எந்தப் பக்கம் வளையும் என்று உதைத்தவனுக்கே தெரியாது. காக்கா அங்கே போய் முன்கூட்டியே நின்றிருப்பார். பந்தைப் பிடித்ததும் அவசரமே படாமல் அதிலிருக்கும் மண்ணைச் சட்டையில் துடைப்பார். அதைப் பார்க்கவே தொண்டியிலிருந்தும் ராமேஸ்வரத்திலிருந்தும் லாரி பிடித்து வந்தவர்கள் உண்டு. பெண்கள் மைதானத்துக்கு வரமாட்டார்கள், மொட்டை மாடிகளில் நின்று பார்ப்பார்கள். எதிரணி பந்தோடு நெருங்கும்போது மாடிகளில் பேச்சு நின்றுவிடும். அவர் பிடித்த மறுநொடி அங்கிருந்து குலவை எழும். ஆட்டத்தில் என்னை, "ஏலே, கண்ணத் தொறந்துகிட்டு ஆடுலே!" என்று ஊர் கேட்கத் திட்டுவார். முடிந்ததும் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு பரோட்டாக் கடைக்கு நடப்பார்.

கிளப்பின் செயலாளர் பெரிய வீட்டுக்காரர். கொழும்பில் வியாபாரம் செய்த குடும்பம். கோப்பையை யார் தூக்கினாலும் போட்டோவில் நடுவில் நிற்பது அவர்தான். அந்த வருஷம் எங்கள் ஊரில் நடந்த போட்டியில் இறுதி ஆட்டத்துக்கு வந்தோம். எதிரில் ராமேஸ்வரத்து அணி. அன்று காலையில் காக்கா வரவில்லை என்று செயலாளரும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். ஜமக்காளத்துக்கு மேல் ஜமக்காளமாகப் போர்த்திக்கொண்டு கிடந்தார். பல் கிட்டித்தது. மலேரியா என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார்.

அவருடைய உம்மா செயலாளரிடம், "புள்ளைக்கு நிக்க முடியல தம்பி. இன்னைக்கு ஒரு நாளு விட்டுருங்க" என்றார்.

"சும்மா கோல்ல நின்னாப் போதும். இவன் நிக்கிறான்னு தெரிஞ்சாலே அவனுக பயப்படுவானுக. மந்திரி வாராருல்ல" என்றார் செயலாளர். காக்காவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். அந்தக் கையை நான் பார்த்தேன். காய்ச்சல் என்று தெரியாமல் செய்தேன் என்று அந்த மனிதர் சொல்லவே முடியாது.

காக்கா எழுந்து வந்தார். இடைவேளைவரை எப்படியோ சமாளித்தார். அதற்குப் பிறகு நடை தள்ளாடியது. கோல் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசி நேரத்தில் ராமேஸ்வரத்துக்காரர் ஒருவர் அடித்த சாதாரண பந்து, சிறுபிள்ளைகூடப் பிடித்திருக்கக்கூடிய பந்து, அவர் காலுக்கிடையில் உருண்டு வலைக்குள் போனது. அவரும் அங்கேயே விழுந்தார். தோற்றோம்.

மந்திரி முகத்தைப் பார்க்க முடியாமல் செயலாளர் மேடைக்கு ஓடி மைக்கைப் பிடித்தார். "மன்னிக்கணும். நம்ம கோல்கீப்பர் குடிச்சிட்டு வந்து நின்னுட்டான். எனக்கு இப்பத்தான் தெரியும். இந்தக் குடிகாரன இன்னையோட கிளப்ப விட்டுத் தூக்கிட்டேன்" என்றார். ஒலிபெருக்கி நான்கு திசைக்கும் கட்டியிருந்தது. மாடிகளில் நின்ற பெண்கள்வரை கேட்டது.

நான் மேடையில் ஏறப் போனேன். அவர் ஆட்கள் என்னைப் பிடித்துக் கீழே தள்ளினார்கள். பள்ளிவாசலில் ஜமாத்துப் பெரியவர்களிடம் போய் நின்று, கம்பவுண்டரையும் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னோம். கேட்டுக்கொண்டார்கள். பெரிய வீட்டை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களில் ஆறு பேர் அன்றைக்கே கிளப்பை விட்டு வெளியேறினோம். ஆனால் எத்தனை வீட்டுக்கு நடந்து போய் இல்லை இல்லை என்று சொல்ல முடியும்? மைக்கில் சொன்னதுதான் நிலைத்தது.

எங்கள் ஊரில் குடிகாரன் என்ற பேர் ஒருவனை என்ன செய்யும் என்று வெளியாட்களுக்குச் சொன்னால் புரியாது. காக்காவுக்கு நிச்சயம் செய்திருந்த பெண்ணின் வீட்டார் நகையைத் திருப்பி அனுப்பினார்கள். உம்மா அந்தத் துக்கத்திலேயே படுத்தார், எழவில்லை. வாழ்நாளில் ஒரு சொட்டு நாக்கில் படாத மனிதர் காக்கா. வாலிநோக்கம் உப்பளத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றப் போனார். வெகுகாலம் கழித்து அங்கேயே ஒரு ஏழை வீட்டுப் பெண்ணை நிக்காஹ் செய்தார். அந்த ஆட்டத்துக்குப் பிறகு மைதானத்துப் பக்கம் அவர் கால் படவில்லை. நான் ஒருமுறை, "அவனச் சும்மா விடக்கூடாது காக்கா" என்றபோது, உப்பில் வெடித்திருந்த கையைப் பார்த்தபடி, "என்னைய விடு. எங்க உம்மாவ எவன்டா திருப்பித் தருவான்?" என்றார். அன்றைக்கு எனக்குள் விழுந்த நெருப்பு அது.

நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது தெருவில் நிற்க இடமில்லை. மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோதே காக்கா மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம். உப்பளத்து ஆட்கள் முழங்கால்வரை உப்பு வெள்ளையோடு அப்படியே வந்திருந்தார்கள். எங்கெங்கோ இருந்து பழைய ஆட்டக்காரர்கள் வந்தார்கள். தலை நரைத்து, தொந்தி விழுந்து, ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் நின்றார்கள். ஒருவர் தன் மகனிடம், "இந்தக் கைதான்டா என் பெனால்டியப் பிடிச்ச கை" என்று சொல்லித் தேம்பினார். அந்தக் கை கபன் துணிக்குள் இருந்தது.

அன்று அந்த கோல் அடித்த ராமேஸ்வரத்துக்காரரும் வந்திருந்தார். இப்போது விசைப்படகு வைத்திருந்தார். என்னைச் சுவரோரம் இழுத்துப்போய், "எனக்கு அப்பவே தெரியும்ப்பா. அதுக்கு முந்தி ஒரு பந்துல ரெண்டு பேரும் மோதி விழுந்தோம்ல? அவன் ஒடம்பு அடுப்பு மாதிரி கொதிச்சுச்சு. சாராய வாசனை ஒண்ணும் இல்ல. நான் அன்னைக்கே எங்காளுககிட்டச் சொன்னேன். ஒங்க ஊருக்காரன் மைக்கப் புடிச்சுக்கிட்டுக் கத்துறான், நாங்க என்ன பண்ண?" என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் செயலாளர் வந்தார். அதற்குள் கிளப்புக்குத் தலைவராகியிருந்தார். கையில் கிளப் கொடி, பின்னால் போட்டோக்காரர். மைதானத்தில் பந்தல் போட்டாயிற்று, காக்காவின் மையத்தை அங்கே கொண்டுபோய் மரியாதை செய்துவிட்டு அடக்கலாம் என்றார். காக்காவின் பெண்டாட்டியை நாங்கள் மச்சி என்று கூப்பிடுவோம். உள்ளே போய் மச்சியிடம் கேட்டேன். "அந்தக் கொடி அவுக மேல படக்கூடாது" என்றார். அவ்வளவுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. வாசலை மறித்து நின்றோம். மையத்தை வைத்த சந்தூக்கை நாங்களே தோளில் ஏற்றி, மைதானத்து வழியை விட்டுக் கடற்கரை மணலில் சுற்றி, அடக்கம் செய்யும் மையவாடிக்குக் கொண்டுபோனோம். கால் புதைந்தது, மூச்சு வாங்கியது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பந்தலில் மாலையோடு செயலாளர் காத்திருந்தார் என்று பிறகு கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் போதவில்லை.

போதாது என்று அவரே காட்டிக்கொடுத்தார். நாற்பதாம் நாள் பாத்திஹா முடியும் முன்பே ஊர் ஊராகச் சுவரொட்டி ஒட்டினார். காக்காவின் பெயரில் நினைவுக் கோப்பையாம். பக்கத்தில் தன் படம். அதன் கீழே, 'நான் வளர்த்த வீரன்' என்று. ராமநாதபுரத்தில் என் கடைக்கு எதிர்ச் சுவரிலேயே ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு பஞ்சர் ஒட்டினேன். 

போட்டியை நிறுத்திவிடலாம் என்றார்கள் பழைய நண்பர்கள். நான் வேண்டாம் என்றேன். "நடக்கட்டும். அவரு ஆசப்படுற மாதிரியே கூட்டம் வரட்டும்." நாங்கள் ஆறு பேரும் பஸ் ஏறி, கலந்துகொள்ளும் அணிகள் ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்தோம். இளவட்டப் பையன்கள் காக்கா ஆடிப் பார்த்ததே இல்லை. அவர்களுடைய அப்பாக்கள் பார்த்திருந்தார்கள். ராமேஸ்வரத்துக்காரர் தன் ஊர் அணியைக் கரையில் உட்கார வைத்து, அடுப்பு மாதிரி கொதித்த உடம்பைப் பற்றிச் சொன்னார். கேட்ட பையன்களில் ஒருவன், "நாங்க என்ன செய்யணும் பெரியப்பா?" என்றான். "ஒண்ணுமே செய்யாதீங்க" என்றேன் நான்.

முதல் ஆட்டம் எங்கள் ஊருக்கும் ராமேஸ்வரத்துக்கும். சாயங்கால வெயில். மைதானம் நிறைந்திருந்தது. மாடிகளும் நிறைந்திருந்தன. மேடையில் பட்டுச் சட்டையில் தலைவர், பக்கத்தில் பெரிய அதிகாரிகள். ரெஃப்ரி விசில் அடித்தார். இரண்டு அணிகளும் ஒரேபோல் தரையில் உட்கார்ந்தன. ரெஃப்ரி மறுபடி விசில் அடித்தார். பந்து நடுவில் கிடந்தது. 

"என்னப்பா இது? ஆடுங்கப்பா!" என்று மைக்கில் கத்தினார் தலைவர்.

ராமேஸ்வரத்துக்காரர் மேடைக்கு முன்னால் போய் நின்றார். நாங்கள் அவருக்குப் பின்னால். "அன்னைக்கு மைக்குல ஒரு பொய் சொன்னீக. அது பொய்யின்னு இந்த மைக்குல சொல்லுங்க. பயலுக ஆடுவானுக" என்றார்.

"செத்தவனப் பத்தி இப்ப எதுக்கு? அது பழைய கத" என்றார் தலைவர். அந்தப் பதில் ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கப் போனது. அவருடைய மகன் ஓடிவந்து மைக்கின் ஒயரைப் பிடுங்கினான். அதிகாரிகள் ஒவ்வொருவராக எழுந்து காருக்குப் போனார்கள். பிறகு கூட்டம் கலைந்தது. கடைசியாக ஆட்டக்காரர்கள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு போனார்கள். ஒரு வசைச்சொல் இல்லை, ஒரு கல் பறக்கவில்லை. வெறும் நாற்காலிகளுக்கு நடுவில் கோப்பையைப் பார்த்தபடி அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். நான் போகாமல் நின்று பார்த்தேன். அவர் தலை நிமிரும்வரை நின்றேன். நான் நின்று பார்த்ததை அவர் பார்க்க வேண்டும் என்றிருந்தது. பார்த்தார்.

அதன் பிறகு அவர் டீக்கடைக்கு வந்தால் பெஞ்சு காலியாகும். அவர் வீட்டுக் கலியாணத்தில் பிரியாணி மிஞ்சியது. ஒருநாள் மச்சி வீட்டுக்குத் தனியாக வந்தார். நான் அப்போது அங்கே இருந்தேன். புருஷன் மௌத்தானபின் அந்நிய ஆண்கள் முன் வராமல் மச்சி இத்தா இருந்த காலம், வாசல் திரைக்குப் பின்னாலிருந்து பேசினார். திரைக்கு இந்தப் பக்கம் நின்று அவர் குரலை இறக்கி, "எம்மேல தப்புத்தாம்மா. அன்னைக்கு மந்திரி முன்னால என் மானம் போயிருமேன்னு சொல்லிட்டேன். மன்னிச்சிரு" என்றார்.

அதற்கு மச்சி, "மைக்குல சொன்னத எங்காதுல வந்து இல்லங்காதீக. அங்கன போயிச் சொல்லுங்க" என்றார்.

அவர் போகவில்லை. கடைசிவரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாங்கள் என்ன செய்திருப்போம் என்று எனக்குத் தெரியாது. நான் அப்போதும் அவரை வெறுத்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

சில வருஷங்களில் அவரும் மௌத்தானார். ஜனாஸா தொழுகைக்கு நாங்கள் ஆறு பேரும் போனோம். போகாமலிருக்கலாமே என்று என் வீட்டில் கேட்டார்கள். போகத்தான் வேண்டும் என்றேன். தொழுகைக்கு முன்னால் இறந்தவரின் பிள்ளை எழுந்து சபையிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். அவருடைய மகன் எழுந்தான். "எங்க வாப்பா உங்கள்ல யாருக்காச்சும் மனசு நோகும்படி நடந்திருந்தா அல்லாவுக்காக மன்னிச்சிருங்க" என்றான். முன்வரிசையில் சொந்தக்காரர்கள், "மன்னிச்சோம், மன்னிச்சோம்" என்றார்கள். பின்வரிசைகளில் யாரும் வாய் திறக்கவில்லை. இமாம் திரும்பிப் பார்த்து, "சொல்லுங்க, எல்லாரும் சொல்லுங்க" என்றார். மகன் என்னைத் தேடிப் பிடித்து என் முகத்தையே பார்த்தான். கண் கலங்கியிருந்தான். பாவமாகத்தான் இருந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றேன். என் இரு பக்கமும் நின்றவர்களும் அப்படியே நின்றார்கள். இமாம் முன்னால் திரும்பித் தக்பீர் சொல்லிக் கை கட்டினார். நானும் கட்டினேன். தொழுகையைத் தொழுதேன். அது அல்லாஹ்வுக்கு.

வெளியே வந்ததும் ஆலிம் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசுல இவ்வளவு வச்சுக்கிட்டு நாளைக்கு அல்லாகிட்ட நீங்க எப்படிப் போவீங்க?" என்று கேட்டார். "போறப்ப பாத்துக்கிறேன் ஹஜ்ரத்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அன்று மத்தியானம் வீட்டில் விளமீன் ஆணம். இரண்டாம் முறையும் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டேன்.